சின்னச் சொற்களுக்கு வாங்கிய அடி

மாதா கோவிலில் பூசை லத்தீனில் நடந்ததைக் கேட்டவர்கள் நம் வயதில் இன்னும் சிலர் இருக்கிறோம். சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் ஒன்று சொல்வார். உபதேசியார் பதிலுக்கு ஒன்று சொல்வார். நமக்கு ஒன்றும் விளங்காது. முழங்கால் வலிக்கும். மெழுகு வாடையும் வௌவால் புழுக்கை வாடையும் வரும். அதுதான் பூசை.

எனக்கு மட்டும் நடுநடுவே சில சொற்களின் வால் விளங்கும். எங்கள் ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கும் விளங்காது. அது எப்படி வந்தது என்று இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

குடவாசலுக்குத் தெற்கே, பெரிய வாய்க்கால் ஓரம் எங்கள் ஊர். அப்பா பண்ணையில் ஆள். அதோடு இரண்டு மா நிலம் குத்தகைக்கு. வீட்டில் அண்ணனும் நானும். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு ஒன்பது.

அண்ணன் சாமியாராக வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். அண்ணனை யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அதை அவர் சோறு தின்னும்போதெல்லாம் சொல்வார்.

"எம் மவன் வெள்ள அங்கி போட்டுக்கிட்டு வாய்க்காக் கரையில வந்தா, பண்ணையாரு நாக்காலிய விட்டு எந்திரிச்சு நிக்கணும். நான் அத ஒரு தடவ பாத்துட்டுக் கண்ண மூடிருவேன்."

"ஒரு தடவ போதுமா?" என்று அம்மா கேட்பாள்.

"போதும்டி."

தை மாதம் கோவில் திருவிழாவுக்கு, சாமியார்களைப் படிக்கவைக்கும் குருமடத்திலிருந்து பெரிய சாமியார் வருவார். எங்கள் பக்கத்துப் பையன்களில் ஒருவனை எடுத்துப் போவார். ஒரே ஒருவன்தான். அண்ணன் போய்விட்டால் நான் மறுபடி பள்ளிக்கூடம் போகலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். நாலாம் வகுப்பு. அதற்காக நான் தினமும் வேண்டிக்கொண்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் போகவேண்டும் என்று ஊரிலேயே அதிகம் ஆசைப்பட்டது நான்தான்.

உபதேசியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்வதும், செத்தவரைப் புதைப்பதும் உபதேசியார்தான். அவரும் ஒரு காலத்தில் குருமடத்துக்குப் போனவர். திருப்பி அனுப்பப்பட்டவர். வலது கை ஆள்காட்டி விரல் கோணியிருக்கும். சிறுவயதில் அவருடைய வாத்தியார் கையில் அடித்து எலும்பு விட்டுப்போய், கோணலாகவே கூடிவிட்டது. பூசையில் அப்பத்தைத் தொடுவது இரண்டு கையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். அந்த விரலில் குறை இருந்தால் குருப்பட்டம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அவர் அந்த விரலை எந்நேரமும் தடவிக்கொண்டே இருப்பார்.

பெரிய சாமியாரிடம் கொஞ்சம் லத்தீன் சொல்லிக்காட்டினால் அண்ணனைத்தான் எடுப்பார் என்று அப்பாவிடம் சொன்னவர் அவர்தான். மற்ற பையன்களுக்கு ஒரு சொல்கூடத் தெரியாதே.

"நீங்களே சொல்லிக்குடுங்க உபதேசியாரே. அடிச்சு வளங்க. நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன்."

"அடிக்கலாம். ஆனா அவங் கையத் தொடமாட்டேன்." கோணல் விரலைத் தூக்கிக் காட்டினார். "அந்தக் கை நாளைக்கு சாமியத் தொடப்போற கை. மேல அடிச்சாலும் கையக் குறுக்க கொண்டாருவான், பட்டுரும்."

"அடிக்காம எப்புடி வரும்?"

"வராது."

நான் வாசலில் எருமைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். உபதேசியார் என்னைப் பார்த்தார். அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி அடிவாங்குறதப் பாத்தா அவனுக்கு உறைக்கும்ல?" என்றார் உபதேசியார்.

அப்பா தலையாட்டினார். அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் தப்புச் சொன்னால் அடி எனக்கு. இரண்டு பேரும் நல்லவர்கள். கள் குடிக்காதவர்கள். அவர்களுக்கு இது நியாயமாகத்தான் பட்டது.

புரட்டாசியில் பாடம் தொடங்கியது. சம்பா நடவு நேரம். காலையிலிருந்து அம்மாவோடு நடவில் நிற்பேன். பொழுது சாய்ந்ததும் கை கால் கழுவிக்கொண்டு கோவில் சாமான் அறைக்குப் போகவேண்டும். மாலை மணி அடிக்கும்வரை பாடம். அந்த அறையில் தேர்ச்சக்கரம், மெழுகுதிரித் தண்டு, ஒரு சிறகு உடைந்த சம்மனசு என்கிற தேவதூதன் சிலை எல்லாம் கிடக்கும். சம்மனசுக்கு மூக்கும் இல்லை. அண்ணன் பாயில் உட்காருவான். நான் சுவர் ஓரம் நிற்பேன். உபதேசியார் கையில் பூவரசங்கம்பு இருக்கும். தினம் புதிதாக ஒடிப்பார். பச்சைக் கம்பு உடையாது.

புத்தகம் புதுச்சேரியில் அச்சடித்தது. கறுப்பு அட்டை. கரையான் முன்பக்கமும் தின்றிருந்தது, பின்பக்கமும் தின்றிருந்தது. நடுவில் இருபது தாள் மிச்சம். அந்த இருபது தாளில் இருந்ததுதான் எங்களுக்கு லத்தீன். அதில் முக்கால்வாசி, சொல்லைச் சின்னதாக்குவது எப்படி என்பது. வெறும் 'சின்ன' அல்ல, 'குட்டியூண்டு' என்கிற மாதிரி. வெறும் 'கறுப்பு' அல்ல, 'கருவாச்சி' என்கிற மாதிரி. கொஞ்சுவதற்கும் ஆகும், ஏசுவதற்கும் ஆகும். 'வா', 'போ', 'சோறு', 'தண்ணி' எதுவும் அந்தத் தாள்களில் இல்லை. அண்ணனும் நானும் சின்னச் சொற்களையும் அவை பிறந்த சொற்களையும் மட்டும் படித்தோம்.

உங்களுக்குச் சுலபமாகச் சொல்கிறேன். நாம் கன்று, கன்றை, கன்றுக்கு, கன்றின் என்று வாலை மாற்றுகிறோம். 'சின்னக் கன்று' என்றாலும் 'சின்னக் கன்றை' என்றாலும் 'சின்ன' அப்படியே இருக்கிறது. லத்தீனில் அந்தச் 'சின்ன'வுக்கும் வால் உண்டு. ஆணுக்கு ஒரு வால், பெண்ணுக்கு ஒரு வால், சாமானுக்கு ஒரு வால். பார்வுலுஸ், பார்வுலா, பார்வுலும். அப்புறம் இன்னாருடைய என்றால் வேறு வால், இன்னாருக்கு என்றால் வேறு. ஒன்று என்றால் வேறு, பல என்றால் வேறு. ஒரு சொல்லுக்கு முப்பது வால் சொல்லவேண்டும்.

சொற்களுக்கு வீடு உண்டு என்பார் உபதேசியார். ஒரு வீட்டுக்காரர்களுக்கு ஒரு மாதிரி வால். இன்னொரு வீட்டுக்காரர்களுக்கு வேறு மாதிரி. ஏழை என்பதற்குப் பவுபெர். அது இரண்டாம் வீடு. ஆனால் அதைச் சின்னதாக்கிப் பவுபெர்குலுஸ், ஏழைப்பிள்ளை, என்று ஆக்கிவிட்டால் அது முதல் வீட்டுக்கு வந்துவிடும். பிறந்த வீடு எதுவானாலும் புத்தகத்தில் இருந்த சின்னச் சொல்லெல்லாம் முதல் வீடுதான்.

அண்ணனுக்கு இதுதான் நிற்காது. பவுபெர்குலுஸ் என்று ஆரம்பிப்பான். அடுத்த வரியில் பழைய வீட்டுக்குப் போய்விடுவான். பவுபெர்குலிஸ் என்பான். அப்படி ஒரு சொல் கிடையாது.

உபதேசியார் என்னைப் பார்த்துக் கை நீட்டச் சொல்வார்.

முதல் நாள் பதினோரு அடி. இடது கை ஆறு, வலது கை ஐந்து. மறுநாள் நாற்றுப் பறிக்கக் கை மடங்கவில்லை. வேரைச் சேற்றுத் தண்ணீரில் அலசும்போது உள்ளங்கை தீயில் வைத்த மாதிரி இருந்தது. அம்மா பார்த்தாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெண்களும் பார்த்தார்கள்.

"என்னடி ஒம் மவ கை இப்புடி வீங்கிக்கிடக்கு?"

"அண்ணனுக்காக வாங்குது. வேண்டுதல் மாதிரின்னு வச்சிக்க" என்றாள் அம்மா.

"அப்ப ஒம் மவன் சாமியாரானா பாதி அங்கி இதுக்குத்தான்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

அண்ணனுக்கு வீட்டில் எந்த வேலையும் கொடுப்பதில்லை. அரிவாளைத் தொடவிடமாட்டார்கள். கயிறு இழுக்கவிடமாட்டார்கள். ராத்திரிச் சோற்றுக்கு முன் அம்மா அவன் இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவுவாள். எனக்குத் தடவ எண்ணெய் மிஞ்சாது. அவள் கையில் ஒட்டியிருப்பதை என் தலையில் துடைப்பாள். அந்த வாடை எனக்குப் பிடிக்கும்.

அடியைக் குறைக்க ஒரே வழி அண்ணனுக்கு வரவேண்டும். அவனுக்கு வர ஒரே வழி எனக்கு வரவேண்டும். நடவில் மூன்று நாற்றாக எடுத்து ஊன்றுவோம். முதல் நாற்றை ஆண் என்று வைத்துக்கொண்டேன், இரண்டாவது பெண், மூன்றாவது சாமான். நோவெல்லுஸ், நோவெல்லா, நோவெல்லும். இளசு என்று அர்த்தம். இளங்கன்றுக்கும் நாற்றுக்கும் சொல்வது என்று உபதேசியார் சொல்லியிருந்தார். ஒரு குத்து ஊன்றினால் ஒரு வரி முடியும். பின்னால் ஒரு எட்டு. அடுத்த குத்து. பத்துக் குத்தில் ஒரு சொல் முடியும். ஐப்பசி பிறக்கும்போது இருபது தாளும் எனக்கு வந்துவிட்டது. அந்தத் தாள்களில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்குக் காட்டினாலும் படிக்கத் தெரியாது. காதால் வந்தது.

ஒருநாள் அண்ணன் திணறும்போது வாய் தவறி நான் சொல்லிவிட்டேன். உபதேசியார் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"மிசெல்லுஸ் சொல்லு. முழுசா."

பாவப்பட்டது என்று அர்த்தம். முப்பதும் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். அவர் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு அவருக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"பொட்டச்சி நாக்குல இது எதுக்கு வருது? அவன் நாக்குல ஏன் வரமாட்டேங்குது?"

அன்றைக்கு அண்ணன் தப்புக்கு நாலு அடி. சரியாகச் சொன்னதற்கு எனக்கு இரண்டு.

வீட்டில் வந்தும் சொன்னார். அம்மா பயந்துபோனாள். "வெளிய சொல்லிடாதீங்க உபதேசியாரே. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும். பூசை மொழி பேசுதுன்னா பேய் புடிச்சிருக்கும்பாங்க."

அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணனும் நானும் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். அவன் யோசனைதான். வாய்க்கால் மதகில் உட்கார்ந்து சொன்னான்.

"ஏ புள்ள, மொத வீடுன்னா கைய விரிச்சு வையி. ரெண்டாவது வீடுன்னா மூடிக்க. நான் ஓரக்கண்ணால பாத்துக்குறேன்."

"சரிண்ணே."

"ஒனக்குத்தான் லாபம்."

அப்படியே செய்தோம். நான் சுவர் ஓரம் நிற்பேன். கை பாவாடையோடு ஒட்டியிருக்கும். விரித்தால் முதல் வீடு. மூடினால் இரண்டாம் வீடு. அடி பாதியாகக் குறைந்தது. கார்த்திகையில் நாலு நாள் அடியே இல்லை. உபதேசியார் அப்பாவிடம் சொன்னார், பையனுக்குப் புத்தி திறந்துவிட்டது என்று. அப்பா அன்றைக்கு மீன் வாங்கி வந்தார். நடுத்துண்டு அண்ணனுக்கு.

அண்ணன் என்னை நிஜெல்லா என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். கருவாச்சி என்று அர்த்தம். நான் கறுப்பு. தெருப் பையன்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "நிஜெல்லா, தண்ணி கொண்டா." "நிஜெல்லா, ஒங்க எரும வயல்ல எறங்கிருச்சு." நான் மனதுக்குள் அதற்கும் வால் சொல்லிப்பார்ப்பேன். நிஜெல்லா, கருவாச்சி. நிஜெல்லாம், கருவாச்சியை. அடிவாங்குவது எப்போதும் அந்த இரண்டாவதுதான்.

அதுவரை என் அண்ணன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தெரியாமல் தப்புச் சொல்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

தை பிறந்து திருவிழாவுக்கு நாலு நாள் இருந்தது. கதிர் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. காற்றில் நெல் வாடை. அன்றைக்குப் பாடத்துக்குப் போனபோது சாமான் அறைச் சன்னலில் மூன்று பையன்கள் நின்றார்கள். அண்ணனின் கூட்டாளிகள். சாமியாராகப் போகிறவன் லத்தீன் சொல்வதைக் கேட்க வந்ததாகச் சொன்னார்கள். உபதேசியாருக்குப் பெருமை. இருக்கச் சொன்னார்.

முதல் சொல் பார்வுலுஸ். அதில் அண்ணன் தவறியதே இல்லை. நான் கையை விரித்துத்தான் வைத்திருந்தேன். அவன் என் கையைப் பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான். தப்பாகச் சொன்னான்.

நான் கையை நீட்டினேன். ஓர் அடி. சன்னலில் ஒருவன் மெதுவாக, "ஒண்ணு" என்றான்.

அடுத்த சொல். தப்பு. "ரெண்டு."

மூன்றாவது அடியில் எனக்கு விளங்கிவிட்டது. நான் அண்ணனையே பார்த்தேன். அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். நான்காவது. ஐந்தாவதற்குக் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. உபதேசியார் அதற்காக ஓங்கி அடித்தார். கம்பு மணிக்கட்டில் விழுந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவில் சித்தி வாங்கிக் கொடுத்த பச்சைக் கண்ணாடி வளையல் நாலு போட்டிருந்தேன். நாலும் உடைந்து உள்ளே ஏறிவிட்டது. ரத்தம் பாயில் சொட்டியது.

"அஞ்சு" என்றான் சன்னலில் இருந்தவன். பிறகு மூன்று பேரும் ஓடிவிட்டார்கள்.

மறுநாள் அண்ணன் கையில் ஒரு பம்பரம் இருந்தது. சிவப்புச் சாயம் பூசிய, புது ஆணி அடித்த பம்பரம். அந்தக் கூட்டாளிகளில் ஒருவனுடையது. பாடத்தில் ஒரே மூச்சில் எனக்கு ஐந்து அடி வாங்கிக்கொடுத்தால் அது அண்ணனுக்கு என்று பந்தயம். அவன் மறைக்கவில்லை. களத்தில் என் எதிரிலேயே சுற்றினான்.

"நல்லா நின்னு சுத்துது பாரு, நிஜெல்லா. நீ வேணா ஒருக்கா சுத்திப்பாக்குறியா?"

நான் வேண்டாம் என்றேன். கையில் துணி சுற்றியிருந்தது. சுற்றவும் முடியாது.

அடிபட்ட அன்று ராத்திரியே அம்மா ஊக்கால் கண்ணாடிச் சில்லை எடுத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துச் சாணி மெழுகிய தரையில் வைத்தாள். "நாலு நாள் பொறுத்துக்கடி. அவன் போயிட்டா ஒனக்கு ஏது அடி? பள்ளிக்கூடம் போவ. புதுச் சிலேட்டு வாங்கித் தரச் சொல்றேன்." வேண்டுமென்றே செய்தான் என்று நான் சொன்னேன். "சும்மா இருடி. சாமியாராகுற புள்ள மேல பழி போடாத" என்றாள்.

திருவிழா அன்று பூசை முடிந்தபிறகு பெரிய சாமியார் சாமான் அறைக்கு முன்னால் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெள்ளைத் தாடி. வெயிலில் வந்த களைப்பு. மூன்று பையன்கள். அண்ணன், பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், வாய்க்காலுக்கு அக்கரைப் பையன் ஒருவன். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூண் ஓரம் நின்றார். நான் அதற்கு எதிரே, கிணற்றடியில் குடத்தோடு நின்றேன். அண்ணன் பார்க்கும் இடம். முந்தின நாளே அவன் காட்டிய இடம்.

சாமியார் மூன்று பேரையும் தமிழில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் கை வெண்ணெய் மாதிரி இருந்தது. அவர் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பிடித்திருந்தது தெரிந்தது. அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும்.

உபதேசியார்தான் முன்னால் வந்தார். "சாமி, இந்தப் பையனுக்கு லத்தீன் தெரியும். கேளுங்க சாமி."

"லத்தீனா? அது அங்க வந்து படிச்சாப் போதுமே."

"கேட்டுப் பாருங்க சாமி."

சாமியார் சிரித்தார். முதலில் அக்கரைப் பையனைக் கேட்டார். "ஒனக்கு லத்தீன் தெரியுமா?"

"தெரியாது சாமி."

பக்கத்து ஊர்ப் பையன் அழ ஆரம்பித்துவிட்டான். பிறகு அண்ணனிடம் திரும்பினார். "சரி, நீ சொல்லு. ஒரு ஏழைப்பிள்ள. அத எப்படிச் சொல்லுவ?"

"பவுபெர்குலுஸ், பவுபெர்குலா, பவுபெர்குலும்."

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். உபதேசியார் கோணல் விரலைத் தடவுவதை நிறுத்திவிட்டார்.

"பேஷ். ஏழைப்பிள்ளையுடைய?"

அண்ணன் நிறுத்தினான். எனக்குத் தெரியும், அங்கேதான் நிறுத்துவான். கிணற்றடியைப் பார்த்தான்.

பிறகு வந்த நாட்களில், வீக்கத்தால் என் கை விரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். வீக்கம் வடிந்திருந்தது. கை விரியும். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, துணி சுற்றிய கையை நன்றாக அவன் பார்க்கிற மாதிரி தூக்கி, மூடினேன்.

அண்ணன் முகம் தெளிந்தது. பயம் போய்விட்டது. அவன் என்னை அவ்வளவு நம்பினான். சத்தமாகச் சொன்னான்.

"பவுபெர்குலிஸ்! பவுபெர்குலி! பவுபெர்குலெம்!"

சாமியார் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாத் தெரியுமா, தம்பி?"

அண்ணன் மறுபடி என்னைப் பார்த்தான். நான் கையை மூடியேதான் வைத்திருந்தேன்.

"நல்லாத் தெரியும் சாமி."

சாமியார் எழுந்துகொண்டார். அக்கரைப் பையன் தலையில் கை வைத்தார். "இவன் தெரியாதத தெரியாதுன்னு சொல்றான். இவன எடுத்துக்குறேன்."

அப்பா வீட்டுக்கு வந்து துண்டை உதறி ஆணியில் மாட்டினார். அம்மாவிடம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். மறுநாள் விடியும்போது அண்ணன் கையில் கருக்கரிவாளைக் கொடுத்தார்.

"அறுப்புக்கு வா."

"எனக்குத் தெரியாதுப்பா."

"அத அங்க சொல்லியிருக்கணும்."

இரண்டாம் நாள் காலையில் அது நடந்தது. அவனுக்குத் தாளை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. நான் பக்கத்து வரிசையில் அறுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினேன். இடது கை ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு போய்விட்டது. துண்டு தாளுக்கு அடியில் எங்கோ விழுந்துவிட்டது. அம்மா முழங்காலில் நின்று தேடினாள். கிடைக்கவில்லை. கட்டிப்போட்ட பிறகும் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

உபதேசியார் வந்து பார்த்தார். அண்ணன் கையையும் தன் கையையும் பார்த்தார். "இனிமே அடுத்த வருசமும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அண்ணன் கை ஆறும்வரை அவன் வேலையும் எனக்கு வந்தது. ஆறியபிறகும் போகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

சில வருடத்தில் பூசை தமிழுக்கு வந்துவிட்டது. சாமியார் நம் பக்கம் திரும்பி நின்று, நமக்கு விளங்குகிற மாதிரி பேசினார். முதல் நாள் எல்லோரும் பதில் சொன்னார்கள். உபதேசியார் மட்டும் சொல்லவில்லை. லத்தீன் வேண்டாமாம், இனி எந்தப் பிள்ளைக்கும் வேண்டாமாம் என்று அம்மா என் காதில் சொன்னாள். நான் முன்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணனின் முதுகைப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் புதியவர். "என்ன பாவம் செஞ்ச?" என்றார். "கைய மூடிட்டேன் சாமி" என்றேன். "எதையாவது திருடுனியா?" என்றார். "இல்ல சாமி." "யாரையாவது அடிச்சியா?" "இல்ல." "அப்ப அது ஒண்ணுமில்ல. மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிட்டுப் போ." சொன்னேன். போனேன்.

அண்ணன் ஆயுசு முழுதும் கூலி வேலைதான் பார்த்தார். மாடு வளர்த்தார். இப்போது மகன் வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பி ஓட்டு வீட்டை மாடி வீடாகக் கட்டியிருக்கிறான். அண்ணன் கீழ் அறையில் படுக்கையாகக் கிடக்கிறார். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் புரியும். நான் திருவிடைமருதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

போன மாதம் போனபோது மருமகள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளிடம் என் கதையைச் சொன்னார். எல்லோரிடமும் சொல்லும் கதைதான். நான் நூறு தடவை கேட்டிருப்பேன்.

"நான் சாமியாராயிருக்க வேண்டியவன், தெரியுமா? இந்தா இருக்காளே இவ கைய நம்புனேன். தப்பாக் காட்டிட்டா. சின்னப் புள்ள. அவளுக்கும் மறந்துபோச்சு."

"அப்ப அத்தைய அன்னிக்கே நாலு சாத்தியிருக்கணும் மாமா" என்றாள் மருமகள் சிரித்துக்கொண்டே.

"சீச்சீ. நான் ஒரு வார்த்த ஏசல. கேட்டுப் பாரு அவளயே."

உண்மைதான். அவர் என்னை ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. மருமகள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு முனகினார். பவுபெர்குலுஸ், பவுபெர்குலா, பவுபெர்குலும். அங்கே நின்றது. என் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

"அடுத்து என்ன புள்ள? ஒனக்கு வருதா?"

எனக்கு முப்பதும் நாக்கில் நின்றது.

"மறந்துபோச்சுண்ணே."

"அதுசரி. அப்பவே மறந்தவ."

விரல் போன அந்த இடது கைதான் அவருக்கு வேலை செய்யும் கை. அதை நீட்டி என் கையைப் பிடித்தார். கட்டைவிரலால் மணிக்கட்டைத் தடவினார். தழும்பு தட்டுப்பட்டது. குனிந்து பார்க்கப் பார்த்தார், முடியவில்லை.

"இது என்ன புள்ள, இவ்வளவு பெரிய தழும்பு? நான் பாத்ததே இல்லியே."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. பம்பரம், சன்னல், எண்ணிக்கை எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"கதிரறுக்கும்போது பட்டது" என்றேன்.

"நீயாவது பாத்து அறுத்திருக்கக் கூடாதா?" என்றார் அண்ணன்.